தோட்டம் போட்டா பட்டா ஆயிடுமா?

நம்ம சேலம் அழகாபுரம் பக்கம் பார்க் சைட்டுல ஒரு டிரஸ்ட்காரங்க ஏரியா ஜனங்களோட சேந்து தோட்டம் போட்டிருக்காங்கல்ல, "12 வருஷம் ஆச்சுன்னா இடம் டிரஸ்ட் பேருக்கு போயிடும், உஷார்"னு ஒரு மெசேஜ் ரெண்டு நாளா சுத்துது, எங்க சித்தப்பாவே மூணு குரூப்ல போட்டுட்டாரு. தப்புங்க அது.

அந்த 12 வருஷம்ங்கறது 1963 லிமிடேஷன் ஆக்ட்ல, அதாவது கேஸ் போட கால வரம்பு சொல்ற சட்டத்துல இருக்கற கணக்கு, அதுவும் ஓனரோட உரிமையை மறுத்து வெளிப்படையா புடிச்சு வெச்சிருந்தாதான், பர்மிஷன் வாங்கிட்டு உள்ள இருக்கறவங்க எத்தனை வருஷம் இருந்தாலும் அதை கேக்க முடியாது. இவங்க மாநகராட்சிகிட்ட எழுதி வாங்கிட்டுதான் கேட்டையே தொறந்தாங்க. லேஅவுட் போடறப்ப ஓஎஸ்ஆர்னு, அதாவது பொது உபயோகத்துக்கு விடற காலி இடம்னு மாநகராட்சிக்கு தானப்பத்திரம் எழுதி குடுத்த இடம், டவுட்டா இருந்தா பத்திரப்பதிவுத் துறையோட டிஎன்ரெஜினெட் வெப்சைட்ல வில்லங்கம் போட்டு பாருங்க, காசு கூட இல்ல.

2010ல மூக்கனேரியை சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் எடுத்து தூர் வாரி, நடுவுல திட்டு போட்டு மரம் வெச்சாங்களே, ஏரி அவங்க பேருக்கா போச்சு?

பர்மிஷன் விவரத்தை ஒரு போர்டுல எழுதி வெக்காதது டிரஸ்ட் மேல தப்புதான், அதை சொல்லிட்டேன். அப்புறம் அந்த மெசேஜ்ல வர்ற போட்டோல "எல்லைக்கல்லு"னு வட்டம் போட்டு காட்டறாங்களே, நேத்து போயி பாத்தேன், ஆடு வராம இருக்க நட்ட கல்லுக்கால், சுரைக்கொடி ஏறி ரெண்டு பிஞ்சு தொங்குது.