எங்கள் தெருக் குழாயின் வயது என்ன?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழாய் முனையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியை ஒவ்வொரு நாள் காலையிலும் அவிழ்த்து அலசும்போது எனக்கு வயிறு எரிகிறது. நேற்றுக் கட்டிய துணி இன்று செங்காவியாகி, நடுவில் கறுப்புத் துகள் அப்பிக் கிடக்கிறது. துருவாவது கண்ணுக்குத் தெரிகிறது. நீரில் கரைந்த காரீயம் என்ற நச்சு உலோகம் எந்தத் துணியிலும் தங்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இதைத்தான் என் இரண்டு வயதுப் பேத்திக்குப் பால் கலக்கக் கொடுக்கிறோமோ என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. வளரும் மூளைக்கு இந்த அளவு வரை பாதுகாப்பு என்று காரீயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளில் சணலைத் திணித்துக் காரீயத்தை உருக்கி ஊற்றுவது அந்நாள் வழக்கம். பிறகு வந்த பிவிசி குழாய்களிலும் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். அதைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு விதி வகுத்ததே 2021-இல்தான். அப்படியிருக்க, எங்கள் தெருவுக்கு அடியில் கிடப்பது எந்தக் குழாய், எந்த ஆண்டு பதித்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டேன். "அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். பதிவேடே இல்லாமல் எதை மாற்றுவார்கள், எதற்கு நிதி கேட்பார்கள்?

பிளின்ட் நகரத்து மக்களை 2014-இல் காரீய நீர் குடிக்க வைத்த அமெரிக்காவை நான் புகழவில்லை. ஆனாலும் அங்கே 2021-இல் காரீயக் குழாய்களை மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள்; எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்ற பட்டியலை 2024 அக்டோபருக்குள் தர வேண்டும் என்றார்கள்; குழாய்களை மாற்றி முடிக்கப் பெரும்பாலான ஊர்களுக்குப் பத்தாண்டுக் கெடுவும் விதித்தார்கள். பணம் போதாது என்று அங்கேயும் சண்டைதான், ஆனால் சட்டையைப் பிடித்துக் கேட்க அவர்களுக்கு ஒரு தேதி இருக்கிறது.

இங்கே நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015-இல் வந்தது, பொலிவுறு நகரப் பட்டியலில் 2017-இல் எங்கள் ஊர் சேர்ந்தது, அம்ருத் 2.0 2021-இல் வந்தது. ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் கிடைத்த பதில், "நிதி வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான். குழாய் பதித்த ஆண்டு, மாற்றப் போகும் மாதம், வீட்டு இணைப்புச் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லி நேற்று மேல்முறையீடு செய்திருக்கிறேன். கூடவே இந்த வாரத்துத் துணிகள் ஏழின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.