டை எங்கே?

(மாஸ்கோ, திரெத்யகோவ் கலைக்கூடம். ஓர் ஓவியத்தின் முன் சுற்றுலா வந்த கணவனும் மனைவியும்.)

கணவர்: என்ன பள்ளிக்கூடம் இது? ஒரு பையன் கழுத்திலாவது டை இருக்கிறதா பார்.

மனைவி: 1895இல் வரைந்த படங்க. தாத்தேவோ என்று ஒரு கிராமம். எல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்.

கணவர்: அதனால் என்ன? டை கட்டினால்தானே ஒரு களை?

மனைவி: டை இருக்கிறதே. அதோ, வாத்தியார் கழுத்தில்.

கணவர்: காலைப் பார். முறம் மாதிரி எதையோ பின்னி மாட்டியிருக்கிறார்கள். கைத்தொழில் வகுப்பா?

மனைவி: அது செருப்பு. லாப்தி என்று பெயர். லிண்டன் மரப்பட்டையை நாராக உரித்துப் பின்னுவார்கள். சாக்ஸுக்குப் பதில் காலில் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள்.

கணவர்: உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: விமானத்தில் நீங்கள் தூங்கினீர்கள். நான் படித்தேன்.

கணவர்: சட்டைகூட ஆளுக்கு ஒரு நிறம். சரி, அந்தப் பையனை ஏன் முன்னால் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள்? டை கட்டாமல் வந்துவிட்டானா?

மனைவி: யாருமே கட்டவில்லையே! தாடையில் கை வைத்து யோசிக்கிறான். படத்தின் பெயரே மனக்கணக்கு. கரும்பலகையைப் பாருங்கள். 10, 11, 12, 13, 14 என்ற ஐந்து எண்களின் வர்க்கங்களையும் கூட்டி 365ஆல் வகுக்க வேண்டும்.

கணவர்: (போனை எடுத்து) பத்துப் பெருக்கல் பத்து...

மனைவி: அங்கே ஒருத்தன் வாத்தியார் காதில் விடையைச் சொல்லியே விட்டான். அவனுக்கும் டை இல்லை.

கணவர்: இரு, நூற்று இருபத்தொன்று...

மனைவி: இரண்டுங்க. முதல் மூன்றும் சேர்ந்தால் 365. கடைசி இரண்டும் சேர்ந்தால் 365.

கணவர்: (போனைப் பைக்குள் போட்டு) யார் அந்த வாத்தியார்?

மனைவி: ராச்சின்ஸ்கி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். அதை விட்டுவிட்டு ஊரில் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். இதை வரைந்த பொக்தானொவ்-பெல்ஸ்கியே அங்கே படித்தவர்தான்.

கணவர்: பேராசிரியரா! பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

மனைவி: போன ஜூனில் சாக்ஸில் ஒரு கோடு கூடுதல் என்று நம் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா?

கணவர்: இல்லாமல்? அன்றைக்குச் சாயங்காலமே புதுசு வாங்கிவிட்டேனே.

மனைவி: அவன் வெளியே நின்றபோது உள்ளே என்ன நடந்தது தெரியுமா? கணக்கு.

கணவர்: கணக்கா? ஜோடி 180 ரூபாய். அதையும் பள்ளிக்கூடத்தில்தான் வாங்க வேண்டுமாம்.