பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இரண்டு நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் எக்செல் சொல்லிக்கொடுக்கிற சனிக்கிழமை வகுப்பின் படத்தைப் போட்டிருந்தேன். அதன் கீழ் வந்த கமெண்டுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்பாக்ஸில் அனுப்பியவர்களுக்கும் நன்றி, பார்த்துவிட்டேன். “எட்டு வயசுப் பிள்ளைக்கு எக்செல்லா? குமாஸ்தா தயாரிக்கிற தொழிற்சாலை நடத்துறீங்களா?” என்று கேட்டவர் யாரோ போகிற போக்கில் வந்தவர் இல்லை. குழந்தைகளின் கல்வி பற்றி மேடைகளில் பேசுகிறவர். நான் மதித்துப் படித்து வந்தவர். அதற்கு விழுந்த சிரிப்புகளைக்கூட விட்டுவிடலாம். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா போன் செய்து, “பாப்பாவ இனிமே அனுப்பலீங்க அக்கா, அவங்கப்பா வேண்டாங்கறாரு” என்றார். அதனால்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் வேலை பழக்கவில்லை. ஒன்று மாறினால் அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் மாறும் என்று பார்க்கப் பழக்குகிறோம். அவ்வளவுதான் அந்த வகுப்பு.

படத்தில் லேப்டாப் தெரிந்ததால் பிள்ளைகளைத் திரை முன் உட்கார வைத்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் சில வாரம் நாங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதே இல்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவோம். மேலே ஏ, பி, சி. பக்கவாட்டில் 1, 2, 3. “பி 3-க்குப் போ” என்றால் ஓடிப்போய் நிற்க வேண்டும். தியேட்டரில் சீட் நம்பர் பார்த்து உட்காருகிற மாதிரிதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் ஆளுக்கொரு சிலேட்டு. ஏ 3-ல் நிற்கிற பிள்ளையின் வேலை, ஏ 1-ஐயும் ஏ 2-ஐயும் கூட்டி எழுதுவது. ஏ 4-ல் நிற்கிறவள் அதை இரண்டு மடங்காக்க வேண்டும். ஏ 5-ல் இருப்பவன் அதில் பத்தைக் கழிக்க வேண்டும். முதல் கட்டத்துப் பையன் ‘7’-ஐ அழித்து ‘9’ என்று எழுதினால் போதும், கீழே இருக்கிற அத்தனை பேரும் கத்திக்கொண்டே சிலேட்டை அழித்து எழுதுவார்கள். நாலைந்து தடவை இப்படி ஆனதும் அவர்களே அலுத்துப்போய், “இத வேற யாராச்சும் செஞ்சா பரவால்லக்கா” என்பார்கள். அதன் பிறகுதான் லேப்டாப் வெளியே வரும்.

இந்த அலுப்பில்தான் ஸ்ப்ரெட்ஷீட்டே, அதாவது எக்செல் மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுகிற மென்பொருளே பிறந்தது. 1978-ல் ஹார்வர்டில் நிர்வாகவியல் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றும்போது அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்க்கிறார். தானாகவே மாறுகிற ஒரு பலகை இருந்தால் என்ன என்று யோசிக்கிறார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. பெட்டிக் கம்ப்யூட்டரை விளையாட்டுச் சாமானாக நினைத்தவர்கள் கடைக்கும் கம்பெனிக்கும் அதை வாங்க ஆரம்பித்ததில் அந்த மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு வகுப்பறையில் பிறந்த பொருளை வகுப்பறைக்குக் கொண்டுபோனால் ஏன் இத்தனை கோபம்?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கேரளத்து அம்பலப்புழை கோயிலின் பால்பாயசக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சதுரங்கத்தில் தோற்ற ராஜா, ஜெயித்தவருக்குப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கொடுத்தே ஆக வேண்டும். கதையைச் சொல்லி, 64 கட்டத்தையும் எக்செல்லில் போடச் சொன்னேன். முதல் வரியில் 1. அடுத்த வரியில் மேலே இருப்பதன் இரு மடங்கு. அதைக் கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கொஞ்ச தூரத்தில் எண் கட்டத்துக்குள் அடங்காமல் ‘####’ வந்தது. அகலப்படுத்தினார்கள். எண்கள் நீளமாகிக்கொண்டே போவதைப் பார்த்து ஒரே ஆரவாரம். இதற்கு நடுவே நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் மட்டும் பேசாமல் எண்களின் கடைசி இலக்கத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். 2, 4, 8, 6. மறுபடி 2, 4, 8, 6. யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, 51-ல தப்பு வருது” என்றாள். 51-வது கட்டத்தில் 4-ல் முடிய வேண்டிய எண் பூஜ்யத்தில் முடிந்திருந்தது.

அவள் சொன்னது சரி. எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாகக் காட்டும். 50-வது கட்டத்தின் எண்ணுக்குச் சரியாக 15 இலக்கம். 51-வது கட்டத்தில் 16 ஆகிவிடுகிறது, அது காட்டுகிற கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 1,125,899,906,842,624 என்று வர வேண்டிய இடத்தில் 1,125,899,906,842,620 என்று நிற்கும். ஒன்றில் ஆரம்பித்து வெறும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் எண் ஒருபோதும் பூஜ்யத்தில் முடியாது என்று ஒன்பது வயதுப் பெண் கண்டுபிடித்து, அதை வைத்து மெஷினின் தப்பைப் பிடித்துவிட்டாள். கணக்கில் இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு பிள்ளைக்கு இருக்கிறதா? இனி வரமாட்டாள் என்று போன் வந்ததும் அவளுக்காகத்தான்.

“எல்லாத்தையும் மெஷின் போட்டுட்டா மனக்கணக்கு என்ன ஆகும்?” என்று சிலர் மரியாதையாகவே கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எங்கள் வகுப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. எண்டர் தட்டுவதற்கு முன்னால், என்ன வரும் என்று ஓர் உத்தேசத்தை நோட்டில் எழுத வேண்டும். எழுதாதவர்கள் தட்டக்கூடாது. உத்தேசத்துக்கும் திரைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் யார் சரி என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஃபார்முலாவில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கும். பெரிய பொருளாதார நிபுணர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ரெயின்ஹார்ட், ரோகாஃப் என்ற இருவரும் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்துக்குப் போய்விடும் என்று அதன் கணக்கு சொன்னது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். மாசசூசெட்ஸில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பலமுறை போட்டும் ஒத்துவரவில்லை. அவர்களுடைய எக்செல் கோப்பையே வாங்கிப் பார்த்தால், 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய இடத்தில் 5 நாடுகள் ஃபார்முலாவுக்குள் வரவே இல்லை. வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தால் வளர்ச்சி 2.2 என்று வந்தது. 2013-ல் இது வெளியானபோது எக்செல் தவறு நடந்ததை அந்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள். திரையில் வந்ததை அப்படியே நம்பாத ஒரு மாணவர் போதும். அப்படி நம்பாத பிள்ளைகளைத்தான் நாங்கள் வளர்க்கப் பார்க்கிறோம்.

திரை நேரம் பற்றிய கவலை எனக்கும் உண்டு. இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப், பாதி நேரம் தரையில். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. “ஒரு கம்பெனியின் பொருளை விற்றுக்கொடுக்கிறீர்கள்” என்று எழுதியவருக்கு: எக்செல் செய்கிற வேலையைச் செய்கிற லிப்ரே ஆபீஸ் இலவசம், கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடமாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. எங்களிடம் இருக்கிற பழைய லேப்டாப் சிலவற்றில் எக்செல் இருக்கிறது, மற்றவற்றில் லிப்ரே ஆபீஸ். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். “இனி எல்லாம் ஏஐ போட்டுக்கொடுக்கும்” என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அது போட்டுக்கொடுத்தது சரியா என்று யார் பார்ப்பது?

அப்புறம் அந்த குமாஸ்தா விஷயம். இரண்டு நாளாக எனக்கு உறுத்துவது இதுதான்.

என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதினார். ஆயுள் முழுக்க அதுதான் வேலை. மூட்டை எடை, கமிஷன், இறக்குகூலி, ஏற்கனவே வாங்கிய முன்பணத்துக்கு வட்டி என்று எல்லாம் பிடித்துக்கொண்டு கடைசியில் விவசாயி கையில் ஒரு சீட்டு வரும். அதை வாங்கிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் அப்பாவுக்காகக் காத்திருப்பார்கள். “இது செரியா இருக்குதுங்களான்னு ஒருக்காப் பாருங்க.” அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்து, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லுவார். சில நாள் அதற்காக முதலாளியிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். குமாஸ்தா என்றால் எனக்குத் தெரிந்த ஆள் அவர்தான். அந்த வார்த்தையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்பையும் போட உங்களால் முடிகிறது. எனக்கு முடியவில்லை.

கணக்குத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர்கள் நூறு பேர் என்று இருந்தால் யார் நஷ்டப்படுவார்கள் என்று அந்த டீக்கடையில் பார்த்து வளர்ந்தவள் நான். இன்றைக்கும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழுக்கடன். “வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான்” என்று சொல்லி 10,000 கொடுப்பார்கள். மாதம் 933 ரூபாய் சொச்சம், 12 தவணை. கட்டி முடிக்கும்போது 11,200. கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழு 10,000-க்கே பிடிக்கப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 21.5 சதவீத வட்டி. பன்னிரண்டு வரி, மூன்று ஃபார்முலா. பத்து வயதுப் பிள்ளையால் இதைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட முடியும். இதைக் கற்றுக்கொள்ளக் கூடாத வயது எது என்று சொல்லுங்கள்.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆறு வயதில் காசு கட்டி அபாகஸும் கோடிங்கும் போகிறார்கள். அவர்கள் குழந்தைமை பறிபோகிறது என்று உங்கள் பக்கத்தில் ஒரு பதிவையும் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் காசில்லாமல் ஒன்று கற்றுக்கொள்ளும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தக் கவலை? எதிலும் உள்நோக்கம் பார்க்கிறவள் இல்லை நான். ஆனால் இந்தத் தடவை வலிக்கிறது, அதனால் கேட்கிறேன். ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். வருவதற்கு இப்போதும் தடையில்லை.

அந்தப் பாப்பா வீட்டுக்கு நாளைக்கு நானே போகப்போகிறேன். அவளுடைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 2, 4, 8, 6 பக்கத்தை அவள் அப்பாவிடம் காட்ட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை தவணைக் கணக்கு போடுகிறோம். அம்மாக்களும் கடன் அட்டையை எடுத்துக்கொண்டு வரலாம். இரண்டு லேப்டாப்பில் டச்பேட் வேலை செய்யவில்லை. யார் வீட்டிலாவது பழைய மவுஸ் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.