ஹேப்பி பர்த்டே மெட்டுக்குள்ள தமிழைத் திணிக்காதீங்க

வேலூர், காட்பாடி, குடியாத்தம்னு எந்த மஹால்ல பிறந்தநாள் நடந்தாலும் கேக் வெட்டும்போது ஒரே பாட்டுதான். இப்போ சில வீடுகள்ல "தமிழ்லயே பாடுவோம்"னு அதே மெட்டுல "பிறந்தநாள் வாழ்த்துகள்"னு பாடுறாங்க. எண்ணம் நல்லது, ஆனா பாட்டு நொண்டுது.

அந்த மெட்டு பிறந்தநாளுக்குன்னு போட்டதே இல்லை. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்து லூயிவில்ல, பாலர் பள்ளிப் பிள்ளைங்க காலை வணக்கம் சொல்றதுக்காக மில்ட்ரெட் ஹில் மெட்டு போட்டார், தங்கை பேட்டி ஹில் வரி எழுதினார். 1893ல புத்தகத்துல வந்தது. பிறந்தநாள் வரி பிற்பாடு ஏறினது. 1935ல ஒரு கம்பெனி அதுக்குப் பதிப்புரிமை பதிவு பண்ணிச்சு. அதைக் காட்டி பல வருஷம் காசு வசூலிச்சாங்க. அந்த உரிமை செல்லாதுன்னு 2015லதான் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது.

பாலர் பாட்டுன்னாலும் பாடறதுக்கு லேசு இல்லை. சங்கராபரண ராகத்து சுரங்கள்தான், ஆனா எடுப்பு, அதாவது பாட்டு ஆரம்பிக்கற சுரம், கீழ் பஞ்சமத்துல (ப): பபதப ஸநி, பபதப ரிஸ. மூணாவது வரியில அதே பஞ்சமத்துலேர்ந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரே தாவு. முதல் ஆள் உற்சாகத்துல உசரமா எடுத்துட்டா கூட்டமே அந்த இடத்துல கிறீச்சிடும். ஆர்மோனியம், கீபோர்டு இருந்தா 4 கட்டை சுருதி (F) வையுங்க. எடுப்பு 1 கட்டையில (C) விழும், உச்சமும் மேல் ஸ்தாயி 1 கட்டையோட நின்னுடும். பெண்களும் பிள்ளைங்களும் சிரமமில்லாம பாடலாம், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே.

அதே வரியில பேருக்குக் கிடைக்கறது நி, த ரெண்டே சுரம். "வள்ளி" உட்காரும். "கார்த்திகேயன்" உட்காராது. ஒருத்தர் "கார்த்தி"ன்னு நிறுத்த, இன்னொருத்தர் முழுப்பேரையும் இழுக்க, நாலாவது வரியை ஆளுக்கொரு நேரத்துல எடுப்பாங்க. என்ன பேர் சொல்லணும்னு மெழுகுவத்தி ஏத்தறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

இப்போ தமிழுக்கு வருவோம். "ஹேப்பி" தாளத்துக்கு முன்னாடியே எடுக்கறது, அடி விழறது "பர்த்"ல. அங்கே "பிறந்தநாள்" வச்சா பி, றந் ரெண்டும் முன்னாடி ஓடிப்போய், அடி "த"ல விழும். குறில் நீண்டு "பிறந் தாஆ நாள்"னு ஆயிடும். கடைசி சுரத்துல "வாழ்த்துகள்"ல வர்ற து, கள் ரெண்டும் நெருக்கியடிக்கும். பாடறவங்க மேல தப்பில்லை, அந்த மெட்டோட அளவு அப்படி.

இந்த ஒட்டுவேலை நமக்கு எதுக்கு? அரசன் பிறந்தநாளைப் பாடற "பெருமங்கலம்" தொல்காப்பியப் புறத்திணையியல்லயே இருக்கு. அது அரசனுக்கு, வீட்டுப் பிள்ளைக்குன்னா பெரியாழ்வார்கிட்டப் போகணும். கண்ணன் பிறந்த அன்னிக்கு எண்ணெயும் சுண்ணமும் (வாசனைப் பொடி) எதிரெதிரா வீசி முற்றமே சேறானதைப் பாடறார். நம்ம ஹால்ல ஸ்ப்ரே அடிக்கிற பிள்ளைங்களை அதட்டறவங்க கவனிக்கவும்.

எளிசா ஒண்ணு வேணும்னா கும்மி மெட்டு. சீருக்கு ஒரு கைதட்டல், கும்மி தெரிஞ்ச பாட்டி ஒருத்தராவது கூட்டத்துல இருப்பாங்க. ரெண்டு வரி போதும்:

வாழிய வாழிய வாழியவே - நம்ம
வள்ளிபல் லாண்டுகள் வாழியவே!

வரிக்கு நாலு தட்டு: வாழிய, வாழிய, வாழிய, வே. "நம்ம" முதல் வரியோட கடைசித் தட்டுலயே சேர்ந்துடும். நீளப் பேருன்னா பயமில்லை: கார்த்திகே ஒரு தட்டு, யன்பல் ஒரு தட்டு, லாண்டுகள் ஒண்ணு, கடைசி "வாழியவே"யைச் சுருக்கி வாழ்கவே ஒண்ணு. பேர் முழுசா வந்துடும். தாவு கிடையாது, அஞ்சாறு சுரத்துக்குள்ள முடியும். ஒருத்தர் முன்பாட்டு, மத்தவங்க தெருக்கூத்துல மாதிரி பின்பாட்டு, மூணு சுத்து. வேகத்தைக் கடைசிச் சுத்துல மட்டும் கூட்டுங்க. முதல்லயே கூட்டினா தட்டு பிசகி, பாட்டு தனியா கை தனியா போயிடும்.

ஹேப்பி பர்த்டேயை நிறுத்தச் சொல்லலை. பிள்ளைங்க அதுக்காகத்தான் காத்திருக்கும். கேக்குக்கு அதை இங்கிலீஷ்லயே ஒழுங்கா பாடிடுங்க. கும்மியை ஆரத்தி எடுக்கும்போது வையுங்க. ஆரத்தித் தட்டு பிடிக்கிறவங்களால கை தட்ட முடியாது, அதனால முன்பாட்டை அவங்களுக்கே கொடுத்துடலாம். அப்புறம், ஸ்பீக்கரை மறக்காம அணைச்சுடுங்க.