வட்டி வேண்டாம், சரி. கணக்கும் வேண்டாமா?

நம் பள்ளிவாசலில் வட்டியில்லாக் கடன் சங்கம் பற்றி நடந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என் கையிலிருந்து மைக்கை வாங்கிய அந்த 40 விநாடி வீடியோவை இந்நேரம் கிருஷ்ணகிரியில் பார்க்காதவர்கள் குறைவு. பெங்களூரில் இருக்கும் என் மச்சான் வரைக்கும் போய்விட்டது. "வட்டியில்லாக் கடன் சங்கத்தை எதிர்த்தவர்" என்று தலைப்பு வேறு. நான் எதிர்க்கவில்லை. அந்தச் சங்கத்துக்கு முதல் வாரமே பங்குத்தொகை கட்டியவர்களில் நானும் ஒருவன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: வருடச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும்? மேடையிலிருந்து வந்த பதில், "அல்லாஹ்வோட காரியத்துல துன்யா கணக்குப் பேசாதீங்க பாய்." துன்யா என்றால் இந்த உலகம்.

வீடியோவில் என் கேள்வி இல்லை. மைக் போனது மட்டும் இருக்கிறது.

வட்டி வாங்காத வங்கியும் வங்கிதான். அதற்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு, திரும்பி வராத கடன் உண்டு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டிருக்கிறார்கள். வளைகுடாவில் ஓர் இஸ்லாமிய வங்கியில் 11 வருடம் வாகனக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வண்டி கேட்டு வருகிறவரிடம் பணத்தைக் கொடுத்து வட்டி வாங்குவதில்லை. வங்கியே வண்டியை வாங்கும், தன் லாபத்தைச் சேர்த்து ஒரு விலை சொல்லும், அந்த விலையை அவர் தவணையாகக் கட்டுவார். முராபஹா என்பது இதுதான். பேசிய விலை பேசியதுதான், நடுவில் ஏற்ற முடியாது. தவணை தவறினால் அபராதம் உண்டு, ஆனால் அது வங்கியின் லாபத்தில் சேராது, தர்மத்துக்குப் போய்விடும். மற்ற வங்கிக்குத் தாமதத்திலும் ஒரு வருமானம் இருக்கிறது. எங்களுக்கு அது நஷ்டம் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு ஃபைலையும் எங்கள் மேலாளர் மூன்று தடவை திருப்புவார். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எங்கள் லாபமே இருந்தது.

அப்புறம் சும்மா கிடக்கும் காசு. மற்ற வங்கிகள் மிச்சப் பணத்தை ஓர் இரவுக்கு இன்னொரு வங்கிக்கு வட்டிக்கு விடும், அரசுப் பத்திரம் வாங்கும். இஸ்லாமிய வங்கிக்கு அந்த வழி அடைப்பு. சொத்தில் பங்கு தரும், வட்டியில்லாத சுகூக் பத்திரங்கள் இருக்கின்றன, ஆனால் வேண்டும்போதெல்லாம் வேண்டிய அளவுக்குக் கிடைக்காது. பெட்டியில் தூங்கும் பணம் சம்பாதிக்காது.

வெளியே இருக்கும் வட்டி நம்மைத் தொடாது என்று மேடையில் சொன்னார்களே, அதுவும் தப்பு. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வளைகுடா நாணயங்கள் பெரும்பாலும் டாலரோடு கட்டப்பட்டவை, அதனால் அங்கேயும் ஏறியது. இஸ்லாமிய வங்கியில் பணம் போட்டவர் பக்கத்து வங்கியைப் பார்ப்பாரா மாட்டாரா? பார்ப்பார். அவரை நிறுத்தி வைக்க வங்கி தன் லாபப் பங்கை விட்டுக்கொடுத்து அவருக்கு அதிக லாபம் காட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே விற்ற வண்டிகளின் விலையையோ ஏற்ற முடியாது. இரண்டு பக்கமும் இடி.

2008 உலக நிதி நெருக்கடியில் இஸ்லாமிய வங்கிகள் மற்ற வங்கிகளைவிடத் தாக்குப்பிடித்தன. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அடுத்த வருடம் நிலம், கட்டட விலைகள் விழுந்தபோது, சில நாடுகளில் அவற்றின் லாபம் மற்றவற்றைவிட அதிகமாக விழுந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) ஆய்வாளர்கள் 2010இல் இரண்டையும் சேர்த்தேதான் எழுதினார்கள். நம் மேடையில் முதல் பாதி மட்டும் வந்தது.

எங்கள் அத்தாவை, அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சந்தூர் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பார். பூ பிடிக்கும்போதே மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவார். வட்டி கிடையாது. ஆனால் காய் முழுக்க அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். சீட்டை நான்தான் படித்துக் காட்டுவேன்: கமிஷன், இறக்குக்கூலி, கழிவுக்காய், அதற்குக் கீழே முன்பணப் பிடித்தம். ஒரு சித்திரையில் ஆலங்கட்டி மழை. பெங்களூரா ரக மாங்காய் பாதி தரையில் கிடந்தது. அத்தா ஒரு காயை எடுத்துச் சட்டையில் துடைத்து, அடிபட்ட இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மண்டிப் பேரேட்டில் முன்பணம் அப்படியே நின்றது. மூன்று சீசன் அடைத்தோம். ஒரு பைசா வட்டி இல்லாத கடன் அது.

மண்டிக்காரர் பங்காளியாக இருந்திருந்தால் அந்த மழையில் அவருக்கும் பங்கு இருந்திருக்கும். முஷாரகா என்ற லாப நஷ்டப் பங்கு முறை சொல்வது அதைத்தான். ஆனால் பங்கு சேர்கிறவர் தோப்புக்கு வர வேண்டும், காய்ப்பைப் பார்க்க வேண்டும், அத்தா சொல்லும் கணக்கை நம்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இஸ்லாமிய வங்கிகள் லாப நஷ்டப் பங்கைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, நடைமுறையில் பெரும்பாலும் வாங்கி விற்கும் முறையிலேயே நிற்பது ஏன் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் விளங்கியது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

"வட்டியைத்தானே லாபம்னு பேர் மாத்தி வாங்கினீங்க" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாதி நியாயம். விலை வைக்கும்போது சந்தை வட்டியைப் பார்த்துத்தான் வைத்தோம், மறைக்கவில்லை. ஆனால் வாங்கியவர் தவித்து நிற்கும்போது கடன் குட்டி போடவில்லை. கந்துவட்டி கட்டியவர்களிடம் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள், தம்பி.

"மதத்துக்கு ஒரு பேங்க் வேண்டுமா" என்று கேட்ட நண்பருக்கு: மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களும் இந்த வங்கிகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் தொழுகையை அவர் எண்ண வேண்டாம்.

"அப்போ நேரா ஒரு பேங்கே திறக்கலாமே" என்கிறார்கள். நம் நாட்டில் 1949ஆம் வருடத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹாவின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2008இல் நிதித்துறைச் சீர்திருத்தத்துக்கான ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிமுறைக்கு இடம் கொடுக்கலாம் என்றது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடரவில்லை என்று சொல்லிவிட்டது. ஆக நமக்கு மிச்சம் இருப்பது சங்கம். அழகிய கடன், அதாவது வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம், உண்மையான நிர்வாகச் செலவை மட்டும் சேவைக் கட்டணமாக வாங்கலாம்.

அந்தச் செலவைத்தான் நான் கேட்டேன். என் தாளில் இருந்தது இதுதான். ஒரு எழுத்தருக்கு மாதம் 12,000, அறை வாடகை 4,000. வருடத்துக்கு 1,92,000. நம் திட்டத்தின் முதலீடு 10 லட்சம். மொத்தமும் கடனாகப் போனாலும் நூற்றுக்கு 19 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் விழுகிறது. நகைக்கடனுக்கு வங்கியில் அதைவிடக் குறைவு. வட்டி இல்லை என்று பலகை மாட்டிவிட்டு வட்டியைவிட அதிகமாக ஓர் ஏழையிடம் வாங்கலாமா? அதே சங்கம் 1 கோடிக்கு வளர்ந்து, செலவு இரட்டிப்பானால்கூட நூற்றுக்கு 4 ரூபாய்க்குள் அடங்கும். அதுவரைக்கும் எழுத்தர் சம்பளத்தை வசதி உள்ள நாலு பேர் ஏற்றுக்கொள்ளட்டும், முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மைக் போய்விட்டது.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கான திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கையில் குழுக் கடன் அட்டை, நாலாக மடித்து ஓரம் கிழிந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் கட்டுகிறவர். "அண்ணா, இவங்க எப்போ குடுப்பாங்க?" என்று கேட்டார். நான் சண்டை போட்ட ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை, சங்கத்து ஆள் என்று நினைத்துவிட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

பள்ளிவாசல் பொறுப்பாளரான முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். அந்தத் தாளைக் கொண்டுவருகிறேன். மைக் வேண்டாம்.