பர்னெட்டை எனக்கு உதாரணம் காட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஜூம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் எதற்குக் கொதிக்கிறேன் என்று தெரியும். இல்லாதவர்களுக்கு ஒரே வரி: தோற்றவரும் ஜெயிக்கலாம் என்பதற்கு பீட்டர் பர்னெட்டை உதாரணம் காட்டினார்கள். "கடனில் மூழ்கிய கடைக்காரர், கலிபோர்னியாவின் முதல் கவர்னர் ஆன கதை" என்று ஸ்லைடு ஓடியது. நான் கேட்டது ஒரே கேள்வி. ஆர்ச்சி லீ யார்? என்னை மியூட் செய்துவிட்டார்கள்.

சரி, நியாயமாகவே பேசுவோம். பீட்டர் பர்னெட் அமெரிக்காவின் மிசௌரியில் கடை நொடித்துப்போய், 1843இல் மாட்டு வண்டியில் மேற்கே ஓரிகான் போனார். பட்ட கடனைப் பின்னாளில் முழுசாக அடைத்தார். மெச்சுகிறேன். போதுமா?

ஆனால் அவர் வக்கீல். சட்டம் தெரியாமல் எதையும் செய்தவர் இல்லை. 1844இல் ஓரிகானில் அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் என்ன? கெடுவுக்குள் ஊரைவிட்டுப் போகாத கறுப்பர்களுக்கு 20 முதல் 39 கசையடி, போகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 1851 ஜனவரியில், கவர்னராகச் சட்டமன்றத்துக்கு எழுதிய உரையில், பூர்வகுடி இனம் அற்றுப்போகும்வரை அழித்தொழிப்புப் போர் நடந்தபடியே இருக்கும் என்றார். கூடவே வருத்தமும் தெரிவித்துக்கொண்டார். எவ்வளவு நல்ல மனசு!

அப்புறம்தான் நீதிபதி நாற்காலி. 1858இல் ஆர்ச்சி லீ வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மிசிசிப்பியிலிருந்து ஸ்டோவால் என்பவர் அடிமையாக அழைத்து வந்த இளைஞன் ஆர்ச்சி. கலிபோர்னியாவிலோ அடிமைமுறை கிடையாது. ஸ்டோவால் வந்துபோகும் பயணி அல்ல, சாக்ரமெண்டோவில் பள்ளிக்கூடமே நடத்தினார். சட்டப்படி அவருக்கு உரிமை இல்லை என்று பர்னெட்டே எழுதினார். எழுதிவிட்டு, பாவம், ஸ்டோவாலுக்குச் சின்ன வயது, உடம்பு சரியில்லை, இப்படி ஒரு வழக்கு இதுதான் முதல் என்று ஆர்ச்சியை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னார்! தெரியாமல் செய்தாரா? வக்கீல் ஐயா, வக்கீல்!

"அந்தக் காலம் அப்படி" என்பீர்கள். எந்தக் காலம்? ஓரிகானில் அந்தக் கசையடியை ஒருவர் முதுகிலும் இறக்கும் முன்பே கைவிட்டார்கள், 1845இல் அந்தச் சட்டமே போனது. ஆர்ச்சி வழக்கில், சட்டத்தை அடிமைமுறை இல்லாத வடக்குக்கும் ஆளை அடிமைமுறை உள்ள தெற்குக்கும் கொடுத்த தீர்ப்பு என்று அன்றைக்கே சிரித்தார்கள். அவர் காலத்து ஆட்களுக்கே உறைத்தது, உங்களுக்குத்தான் உறைக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் அவர் பெயரை எடுத்ததால் வரலாறு அழிந்துவிட்டதாம். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? எங்கள் பாட்டி வீட்டு வழக்கு. வீடு உங்களுடையதுதான், வாடகை பாக்கியும் உண்மைதான், ஆனால் குடியிருப்பவருக்குப் பெண் கல்யாணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றது கோர்ட். அந்தக் 'கொஞ்சம்' பதினோரு வருட வாய்தா. அப்பா மஞ்சள் பையில் வழக்குக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்களுக்கும் உடம்பு சரியில்லாமல் இருந்தது, யாரும் கேட்கவில்லை. அடிமைத்தனத்தோடு வாடகை பாக்கியை ஒப்பிடுகிறாயா என்று கிளம்பாதீர்கள். ஒப்பிடவில்லை. அந்த 'ஆனால்' எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆர்ச்சியைக் கடைசியில் அதே வருடம் ஏப்ரலில் ஃபெடரல் கமிஷனர், அதாவது மத்திய அரசின் நீதி அதிகாரி ஒருவர் விடுவித்தார். அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்கு ரெண்டு மாசத்திலே முடிஞ்சுதே" என்றார்.

"பாசிட்டிவ்வா இருங்க" என்று எழுத வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். எனக்கும் மியூட் பட்டன் இருக்கிறது.