தீபாவளி ஆஃபர் வரும், நோட்டீஸ் மட்டும் போகாதாம்

ஆன்லைனில் 18,500 ரூபாய்க்கு வாங்கிய சோபா இரண்டே மாதத்தில் காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மாற்றித் தர மாட்டோம் என்றார்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. நான் சொல்ல வந்தது, பதில் சொல்லச் சொல்லி கம்பெனிக்குப் போக வேண்டிய நோட்டீஸ் பட்ட பாட்டை.

பில்லில் இருந்த பெங்களூரு முகவரிக்குப் பதிவுத் தபால் போனது. 'கதவு பூட்டியுள்ளது' என்று திரும்பியது, ஒரு வாய்தா. மறுபடி அனுப்பினால் 'இடம் மாறிவிட்டார்', இன்னொரு வாய்தா. 'வாங்க மறுத்தார்' என்று எழுதி வந்திருந்தால் சட்டப்படி நோட்டீஸ் சார்பு ஆனதாகவே, அதாவது போய்ச் சேர்ந்ததாகவே கணக்கு, எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இத்தனைக்கும் அதே கம்பெனியிடமிருந்து வாரம் தவறாமல் தீபாவளி ஆஃபர் மெயில் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்து என்ன, பேப்பரில் விளம்பரம் கொடுங்கள் என்பார்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிற வழி அது. ஆனால் எந்தக் கம்பெனி இயக்குநர் காலையில் காபியோடு உட்கார்ந்து ஏழாம் பக்கத்து நீதிமன்ற அறிவிப்பைத் தேடிப் படிக்கிறார்? படிக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே சில ஆயிரங்களைச் செலவழிக்க வேண்டும். உடைந்த சோபாவுக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் வக்கீல் வேறு வழியில் போனார். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடியதில் பதிவு அலுவலக முகவரியும் மெயிலும் கிடைத்தன. முகவரி யாரோ ஒரு ஆடிட்டரின் வீட்டு மாடி! 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 12ஆம் பிரிவுப்படி பதிவு அலுவலக வாசலில் பெயர்ப் பலகை தொங்க வேண்டும், பில்லில் அந்த முகவரி, மெயில், போன் எண் எல்லாம் இருக்க வேண்டும், இடம் மாறினால் 30 நாளில் கம்பெனிப் பதிவாளருக்குச் சொல்ல வேண்டும். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு லட்சம். இவ்வளவும் எதற்கு, ஊரார் தேடி வந்தால் கண்டுபிடிக்கத்தானே. அப்புறம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 65ஆம் பிரிவு மின்னணு வழியில் நோட்டீஸ் அனுப்பவும் இடம் தருகிறது. மனு போட்டோம், ஆணையம் அனுமதித்தது, மெயில் போனது. அடுத்த வாய்தாவுக்கு அவர்கள் வக்கீல் வக்காலத்தோடு வந்து நின்றார்.

என்னைக் கேட்டால், பதிவு செய்த கம்பெனிக்கு மெயில்தான் முதல் வழியாக இருக்க வேண்டும், தபாலெல்லாம் முயன்று தோற்றபின் கெஞ்சிக் கேட்கிற வழியாக இருக்கக் கூடாது. அரசிடம் தானே எழுதிக் கொடுத்த மெயிலைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. (பதிவே இல்லாத இன்ஸ்டாகிராம் கடைகள் தனித் தலைவலி. கடைப் பெயரிலேயே வழக்குப் போடலாம், ஆனால் நோட்டீஸை எந்தக் கதவில் ஒட்டுவது?)

உடனே "அப்படியானால் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பே போதுமே" என்று ஆரம்பிக்காதீர்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றம் வாட்ஸ்அப்பை அனுமதித்தபோதும் அன்றே மெயிலிலும் அனுப்பச் சொன்னது. போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். சிம்மை மாற்றிவிட்ட கூலித் தொழிலாளியையும் தனியாகச் சட்டத் துறையே வைத்திருக்கிற கம்பெனியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, சோபா விஷயத்துக்கு வருகிறேன். எதிர்மனுதாரர் பதில் போட 30 நாள், ஆணையம் விரும்பினால் கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, புகார் நகலோடு நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். வந்து நின்ற வக்கீல் முதல் வார்த்தையாகச் சொன்னது என்ன தெரியுமா? "நோட்டீஸ் வந்தது, நகல் வரவில்லை." இரண்டும் ஒரே மெயிலில் போனவை. அதற்கும் ஒரு வாய்தா கொடுத்திருக்கிறார்கள்.